நாற்பத்திரண்டாவது மேடு

"இது கோட்டையும் இல்ல, கொத்தளமும் இல்ல. மண்ணு. வெறும் மண்ணு. கிளம்புங்கம்மா" என்றார் டெக்வின், மேட்டுக்குக் குறுக்கே வேலி மாதிரி நின்றுகொண்டு.

மெரெரிட் கிளம்பவில்லை. வேல்ஸில் பழைய கோட்டையோ என்று சந்தேகம் கிளப்பும் மேடுகளில் ஏறிப் பார்த்து, 'உறுதி' அல்லது 'சந்தேகம்' என்று எழுதுவது அவள் உத்தியோகம். ஒன்பது வருடத்தில் நாற்பத்தொரு மேடு. ஒன்று பனிப்பாறை தள்ளிவிட்டுப் போன குப்பை. ஒன்று முயல் வளர்க்கக் குவித்த மண். இன்னொன்றின் உச்சியில் கோல்ஃப் கொடியே பறந்தது. 'உறுதி' என்று ஒரு தடவைகூட எழுதக் கொடுத்துவைக்கவில்லை.

"கோட்டை இல்லைன்னா ஏன் ஐயா பயப்படறீங்க?"

"இங்க மாட்டுக்கொட்டகை கட்டப்போறேன். நீங்க கோட்டைன்னு எழுதிட்டா, அப்புறம் மண்வெட்டியே வைக்க விடமாட்டாங்க."

அவள் கண் பளிச்சென்றது. மறைக்கிற ஆளிடம்தான் சரக்கு இருக்கும்.

"சுத்தி ஒரு பள்ளம் ஓடுதே, அது?"

"தாத்தா வெட்டின வாய்க்கால்."

"தண்ணிய வட்டமா ஓடவிட்டு வேடிக்கை பார்த்தாரா?"

"அவர் கொஞ்சம் ஒரு மாதிரி."

மெரெரிட் துளைக்கம்பியைப் பள்ளத்தில் நாலு இடத்தில் திருகி இறக்கினாள். நாலிலும் ஓர் ஆள் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. அதற்கடியில், வெட்டிச் சமன்படுத்தின மாதிரி ஒரே மட்டத்தில் பாறை.

"பாறையையுமா குடைஞ்சார் தாத்தா?"

"ரொம்பப் பிடிவாதக்காரர்."

"ஐயா, இது எண்ணூறு வருஷத்து அகழி." மழை பிடித்ததுகூடத் தெரியாமல், ஆட்டுப் புழுக்கையில் மண்டியிட்டு, முழங்காலில் தாளை வைத்து 'உறுதி' என்று எழுதினாள். அடியில் இரண்டு கோடு வேறு.

"போச்சு, என் கொட்டகை போச்சு" என்று டெக்வின் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா." மனசு இளகத்தான் செய்தது; கால்தான் கேட்காமல் குதித்துக்கொண்டே காருக்குப் போயிற்று.

கார் வளைவில் மறைந்ததும் அவர் மனைவி லௌரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"என்ன எழுதினா?"

"உறுதி."

லௌரி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேர்கிட்டயும் கோட்டைதாங்க, நம்புங்கன்னு எவ்வளவு கெஞ்சினோம். ஆசையில உளர்றோம்னு நினைச்சு 'சந்தேகம்'னு எழுதிட்டுப் போனாங்களே."

"அதான் இந்தத் தடவை இல்லவே இல்லைன்னேன்" என்ற டெக்வின், மேட்டைத் தட்டிக்கொடுத்தார். "இனிமே இங்க போடப்போற புதுச் சாலை இதைச் சுத்தித்தான் போகணும். பின்னாடி இருக்கற நம்ம வீட்டை இடிக்க முடியாது."