அயோடின் கறை

"மைக்ரோஸ்கோப்புல கைய வெக்காத. மொதல்ல விரலக் காட்டு."

சோபனா டீச்சர் அதட்டியதும் கனிமொழி கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள். கண் வைத்துப் பார்க்கும் லென்சின் விளிம்பிலும் மஞ்சளாக ஒரு ரேகை பதிந்திருந்தது.

"அயோடின ஸ்லைடுல ஒரு சொட்டு விடச் சொன்னா, கைக்கு அபிஷேகம் பண்ணிட்டு வந்து நிக்கிற. ஆறு மாசமா என்ன கத்துக்கிட்ட?"

கனிமொழி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிளஸ் ஒன் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேருக்கும் உருப்படியாக இருந்தது அந்த ஒரு மைக்ரோஸ்கோப்தான். இன்னொன்றின் லென்சைப் போன வருஷம் ஒருவன் ஸ்லைடில் இடித்து நொறுக்கிவிட்டான். அன்றிலிருந்து சோபனா இதைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டாள். இரண்டு கையாலும் தூக்கு, கண்ணாடியை வெயிலுக்கு நேரே திருப்பாதே, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே லென்சை இறக்கு என்று அவள் பாடாத நாளில்லை.

மற்றவர்கள் வெங்காயத் தோலின் செல்களைப் பார்த்து வரைந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கனிமொழிதான் கடைசி. இன்றைக்குள் படம் முடியாவிட்டால் செய்முறை மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவேன் என்று சோபனா காலையிலேயே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்தான்.

வாசலில் நின்றிருந்த கனிமொழியின் அத்தை பெரியம்மாள் தொண்டையைக் கனைத்தாள்.

"டீச்சர், கொஞ்சம் வெரசா வுட்டீங்கன்னா தேவலைங்க. குடும்பத்தோட மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போறோம். வண்டி கேட்டுல நிக்குது."

"லீவு லெட்டர்லதான் கையெழுத்துப் போட்டுட்டேனுங்களே. இந்தப் படத்த மட்டும் முடிச்சுட்டு வரட்டுங்க."

"டீச்சர், கை கழுவிக்கறேன். சோப்பு குடுங்க" என்றாள் கனிமொழி.

"அயோடினுக்கு எதுக்குடி சோப்பு? தண்ணியிலயே போயிடும்."

"போவல டீச்சர். சோப்பு போட்டாத்தான்…"

"மருந்துதான கண்ணு. வூட்டுல போயிக் கழுவிக்கலாம்" என்று பெரியம்மாள் முந்திக்கொண்டாள்.

சோப்பு பீரோவுக்குள் இருந்தது. வெளியே வைத்தால் பிள்ளைகள் ஒரே நாளில் கரைத்துவிடுகிறார்கள். சாவியைத் தேட சோபனாவுக்குப் பொறுமை இல்லை. தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, அந்த விரல்களை அழுத்தித் துடைத்தாள். பாதிக் கறை துணிக்கு வந்தது. வெங்காய நெடி மூக்கில் ஏறியது.

"போதும். உக்காந்து வரை."

கனிமொழி ஒரு கண்ணை லென்சில் வைத்துப் பென்சிலை நகர்த்தினாள். அது எறும்பாக ஊர்ந்தது. ஒரு செல்லின் சுவரை வரைய ஐந்து நிமிடம். வகுப்பிலேயே விறுவிறுவென்று, சுத்தமாக வரைகிற கை அது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளை, லீவு கிடைத்த குஷியில் சோம்பிவிட்டதாக்கும் என்று சோபனாவுக்கு எரிச்சலாக வந்தது.

"செங்கல்லு அடுக்குன மாதிரி ஆறு செல்லு. அதுக்கு இம்மாம் நேரமா?"

"பாக்கறதத்தான் வரையணும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க."

"பாரு. நல்லாப் பாரு."

"நீங்களும் பாருங்க டீச்சர்." கனிமொழி கையை மேசைமேல் விரித்து வைத்தாள். "இன்னும் போவல. சோப்பு…"

"உன் கையிலயா செல்லு இருக்குது? ஸ்லைடப் பாரு."

பெரியம்மாள் மறுபடியும் கனைத்தாள். கேட்டிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. வயதில் பெரியவளை நிற்கவைத்துக்கொண்டு இந்தப் பெண் வேடிக்கை காட்டுகிறாளே என்று சோபனாவுக்கு மானம் போயிற்று. பென்சிலைப் பிடுங்கினாள். பிள்ளைகளின் படத்தில் கை வைப்பதில்லை என்பது அவள் போட்டுக்கொண்ட சட்டம். அதை மீறி மீதி மூன்று செல்லையும் தானே வரைந்து, செல் சுவர், உட்கரு என்று கோடிழுத்துக் குறித்து, கீழே கையெழுத்தும் போட்டாள்.

"முடிஞ்சுது. கெளம்பு."

கனிமொழியின் கண்ணில் நீர் திரண்டு நின்றது.

"வெங்காயம் உரிச்ச எரிச்சல் இன்னும் அடங்கல பாருங்க" என்றாள் சோபனா. பெரியம்மாள் சிரித்தாள். சோபனாவும் சிரித்தாள்.

"நோட்ட நான் கொண்டு போவட்டுமா டீச்சர்?"

"வந்து வாங்கிக்க. எங்க போயிடப் போவுது? நல்ல மார்க் வரணும்னு சாமிகிட்ட வேண்டிக்க."

அத்தை கையைப் பிடித்துக்கொள்ள, கனிமொழி திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனாள். வண்டி மாரண்டஹள்ளி ரோட்டில் ஏறும் சத்தம் கேட்டது.

சோபனா லென்சைத் துடைத்து, மைக்ரோஸ்கோப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டியில் வைத்தாள். சாவி மேசை டிராயரிலேயே கிடந்தது. பீரோவைத் திறந்து சோப்பை எடுத்துப் போய்க் குழாயடியில் கைக்குட்டையைக் கசக்கினாள்.

அயோடின் கறை என்றால் வெளுத்திருக்கும். இது குங்குமமாகச் சிவந்தது.

சோப்புப் பட்டால் சிவப்பது மஞ்சள்தான். நலங்கு வைத்த பதினாறு வயதுப் பெண், அத்தையின் காதுபடச் சொல்ல முடியாததை மூன்று தடவை சோப்பாகக் கேட்டிருக்கிறாள்; படத்தைத் தானே முடித்துக் கொடுத்து அவளைக் கல்யாண வண்டியில் ஏற்றி அனுப்பியது சோபனா.