அந்த ஐந்து நிமிடம்

“இந்த ஏஐ-யை அப்படியே நம்பிடாதீங்க. நடுவுல ஒரு ஆள் இருக்கணும்” என்றார் முசுடு.

மீட்டிங்கில் எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்குச் சுருக்கென்றது.

முசுடு என்பது ஆபீஸ் வைத்த பெயர். டெஸ்டிங் பிரிவு, மூலை மேஜை. குட்மார்னிங் சொன்னால் ஒரு உறுமல் வரும். குட்நைட்டுக்கு அதுவும் வராது.

அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வாடிக்கையாளர் சேவையில் சேர்ந்து ஐந்து மாதம். டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் இணையதளம் அந்தக் கம்பெனியுடையது. அதில் எங்காவது சிக்கிக்கொள்கிறவர்கள் கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தில் இருப்பதை ஏஐ எழுதித் தரும். அவளுடைய கம்ப்யூட்டர் அதை வாசித்துக் காட்டும். அவள் பதில் சொல்வாள்.

நடுவில் ஒரே ஒரு இடைஞ்சல். முசுடு பார்த்து ‘சரி’ என்று பட்டனைத் தட்டினால்தான் அது அவளுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம்.

ஆனால் வருவது வாசிக்க வாசிக்க ஆசையாக இருக்கும். “பெயர் எழுதும் கட்டத்தில் வயதைப் போட்டிருக்கிறார். அதனால்தான் சிவப்புக் கோடு. மூன்று தடவை முயன்றிருக்கிறார், பாவம். கீபோர்டு மேல் பூனை படுத்திருக்கிறது. எனக்கே சிறிப்பு வந்துவிட்டது.”

சிரிப்பு என்ற சொல்லுக்கு மட்டும் எப்போதும் பெரிய ‘ற’ போட்டுத் தொலைக்கும். வாசிக்கும் குரல் அதை அழுத்திச் சொல்லும்போது அவளுக்குத் தனிக் குஷி. எல்லாம் தெரிந்த மெஷினுக்கும் தமிழில் ர, ற தகராறு இருக்கிறதே.

“நீ என்னம்மா சொல்றே? இந்தச் செக்கிங்கை எடுத்துடலாமா?” மேனேஜர் அவளிடம் கேட்டார்.

“எடுத்துடுங்க சார். முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்து சீட்ல கெஞ்சணும். இங்கதான் யார் தயவும் இல்லாம வேலை பாக்கிறேன். அந்த மெஷின் எனக்குக் கண்ணு மாதிரி. அதை நம்பாதீங்கன்னா எப்படி? அதுவும் ஒரு பட்டனைத் தட்ட அஞ்சு நிமிஷமா?”

“சார், நீங்க என்ன சொல்றீங்க?” மேனேஜர் முசுடு பக்கம் திரும்பினார்.

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு, “ஒண்ணுமில்ல. எடுத்துடுங்க” என்ற குரல் மட்டும் வந்தது.

ஜெயித்துவிட்ட திருப்தியில் அன்று அவள் இரண்டு காபி குடித்தாள்.

திங்கட்கிழமை படம் வந்த மறு நொடியே விவரமும் வந்தது.

“திரை. எழுத்துகள். சிவப்புக் கோடு.”

அடுத்தது. “திரை. எழுத்துகள். விலங்கு.”

இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பதில் சொல்வது? மதியத்துக்குள் குத்துமதிப்பாகச் சொன்ன இரண்டு பதில்கள் தப்பாகி, இரண்டு பேர் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார்கள்.

“என்னம்மா இது? உன்கிட்ட ஒரு தப்பு வந்ததில்லையே” என்றார் மேனேஜர். வேலை நிரந்தரமாக இன்னும் பத்தே நாள்.

நேரே சர்வர் அறைக்கு, மெஷினைப் பார்த்துக்கொள்பவரிடம் போனாள்.

“அண்ணா, மெஷினை என்ன பண்ணீங்க? பழையதையே போட்டுக் குடுங்க.”

“பழசும் இதேதாம்மா. நாங்க கை வைக்கவே இல்ல.”

“அப்போ அஞ்சு மாசமா எனக்கு வந்தது?”

அவர் எதையோ தட்டிப் பார்த்தார்.

“மெஷின் அன்னைக்கும் இதையேதான் எழுதியிருக்கு. ‘திரை, எழுத்துகள், விலங்கு.’ யாரோ அதை அழிச்சிட்டு, முதல்லேர்ந்து கையால டைப் பண்ணியிருக்காங்க. ஒண்ணு விடாம.”

“சிரிப்புக்கு எந்த ‘ற’ போட்டிருக்கு?”

“பெரிய ‘ற’. ஏம்மா?”

அவள் குச்சியைத் தட்டிக்கொண்டு மூலை மேஜைக்கு நடந்தாள். ஐந்து மாதத்தில் அந்தப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை.

“சார், மீட்டிங்ல ஏன் வாயைத் திறக்கல?”

கீபோர்டு சத்தம் நின்றது.

“யார் தயவும் இல்லாம வேலை பாக்கிறேன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க. அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது?”

அவள் குச்சியை மேஜையில் சாய்த்து வைத்தாள்.

“தேங்க்ஸ் சார். அஞ்சு மாசத்துக்கும் சேர்த்து.”

ஒரு உறுமல் வந்தது. வழக்கமான உறுமல்தான்.

மேனேஜரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். “என் புத்தி கெட்டுப் போச்சு சார். அந்த அஞ்சு நிமிஷத்தைத் திருப்பிக் குடுங்க” என்றாள். சாயங்காலத்துக்குள் செக்கிங் பழையபடி வந்துவிட்டது. பெரிய ‘ற’ பற்றி மட்டும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அது திருந்திவிடக் கூடாது.

வீட்டுக்குக் கிளம்பும் முன், மூலை மேஜைப் பக்கம் போனைப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். வாடிக்கையாளர் படங்களோடு அதையும் சேர்த்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

சரியாக ஐந்து நிமிடம் கழித்து அவள் கம்ப்யூட்டர் வாசித்தது:

“மூலை மேஜையில் முசுடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் சிறிப்பு.”