பேர் இல்லாத ஒன்று

"பேரைச் சொல்லுங்க சார். அஞ்சு மணிக்குள்ள பேர் ஏறலைன்னா வார்டே கைய விட்டுப் போயிரும்."

ஃபரீதா இதை நான்காவது முறையாகச் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் எலியேசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து அரசு நியமித்திருந்த போதைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் அவள். போலீசைக் கேட்டால் பள்ளிக்கூடத்தைக் கேள் என்பார்கள். பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியைக் காட்டும், ஆஸ்பத்திரி மறுபடி போலீசைக் காட்டும். எல்லோரும் ஒன்றுசேர்ந்து செய்த ஒரே காரியம், மாதம் தவறாமல் 'இன்மை' என்று எழுதி அனுப்பியதுதான். எங்களிடம் போதைப் பழக்கம் உள்ளவர் யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

இந்த மாதம் நூற்று நாற்பத்திரண்டு பள்ளிகளில் நூற்று நாற்பத்தொன்று இன்மை. ஆனால் இந்த வாரம் மட்டும் ஏழு தாய்மார்கள் அவளுக்கு போன் செய்து அழுதிருந்தார்கள்.

சுந்தரபாண்டியம் பக்கத்தில் இருந்த இந்தப் பள்ளி மட்டும் மாதப் படிவத்தில் 'மாத்திரை' என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. பெயர், வயது, வகுப்பு எல்லாம் காலி. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் சாப்பிடக்கூட மறந்து ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள் ஃபரீதா. பாதி வழியில்தான், இதற்குப் போய் சந்தோஷப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. மேலதிகாரி காளிராஜ்.

"ஏம்மா, அந்த ஒண்ணை என்ன செய்யப்போற? பேர் குடு, இல்ல இன்மைன்னு மாத்து. எல்லாம் இன்மைன்னா வம்பே கிடையாது."

"எல்லாம் இன்மைன்னா நமக்குக் குடுத்த பத்து பெட் போதை மீட்பு வார்டை வேற மாவட்டத்துக்குத் தூக்கிருவாங்களே சார்!"

"ஆளே இல்லாத ஊருக்கு வார்டு எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது அவளுக்கு. எலியேசர் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் போலீஸ் இல்ல. அவன் பேரு வெளிய வராது, ஸ்கூலை விட்டு நிறுத்த விடமாட்டேன். அடுத்த வாரம் வார்டைத் திறந்ததும் மொத பெட் அவனுக்குத்தான்."

எலியேசர் சட்டைப்பையில் இருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதைத் திறந்து, உள்ளே இருந்த மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். பத்தில் மூன்றுதான் மிச்சம்.

"வலி மாத்திரைதான்ம்மா. இது இல்லாம பொழுது விடிய மாட்டேங்கு."

"அவன் பையில இருந்து பறிச்சதா சார்?"

அட்டையைப் பத்திரமாகக் கூட்டுக்குள்ளேயே திரும்ப வைத்து மூடினார்.

"எத்தனை நாள் தங்கணும்?"

"இருபத்தொரு நாள்."

"முழுப் பரீட்சைக்குள்ள திரும்பிரலாமா?"

"திரும்பிரலாம் சார், நான் பொறுப்பு. வீட்டுல தெரியுமா?"

"தெரியும். அழுதும் பாத்தாச்சு, சண்டை போட்டும் பாத்தாச்சு."

"பொறவு என்ன சார் தயக்கம்?"

"கிரவுண்டுல எம்புட்டுப் பேர் முன்னாடி போதைக்கு எதிரா உறுதிமொழி எடுத்தது! பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதே கிரவுண்டுல நடக்க?"

"உறுதிமொழி எடுக்காத ஸ்கூல் எது சார்?" ஃபரீதாவின் குரல் ஏறிவிட்டது. "வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்து குரூப்ல போட்டாச்சு. நானும் கும்பிடு போட்டு ஸ்மைலி அனுப்பியாச்சு. ஒருத்தருக்காவது வைத்தியம் கெடைச்சுதா?"

வராந்தாவில் போன டீச்சர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்.

மணி ஐந்தாக ஐந்து நிமிடம்.

"நீங்க அந்தப் பையனைக் காப்பாத்தலை சார். உங்க ஸ்கூல் பேரைக் காப்பாத்துதீங்க. அதுக்கு எல்லாரையும் மாதிரி இன்மைன்னே போட்டிருக்கலாம்லா? எதுக்கு என்னைய இந்த வெயில்ல இம்புட்டு தூரம் வரவச்சீங்க?"

"ஆறு மாசமா இன்மைன்னுதான் போட்டேன்," என்றார் எலியேசர். "இந்த மாசம் கை வரலை."

அவள் போனில் படிவத்தைத் திறந்தாள். அந்த ஒன்றை அழித்தாள். பூஜ்யத்தின் மேல் விரல் போய் நின்றது. கோபத்தில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"செத்த நேரம் இரும்மா."

எலியேசர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடுப்பில் ஒரு கையை ஊன்றி மெல்ல நடந்துபோய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"எழுதிக்கோ. பேரு எலியேசர், வயசு அம்பத்தாறு. வகுப்புன்னு கேட்ட இடத்துல, தலைமையாசிரியர்னு போடு."