மணிக்கட்டு

"ஊசி போடாம எவன்டா பத்தொம்பது வயசுக்கு மேல அரை அடி வளருவான்?"

ஷாகுல் இதைச் சொன்னபோது, அப்துல் ரசாக் பின்னால் நிற்பதை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பான். ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குத் தாம்பரம் மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் கூடுகிற பஞ்சாயத்து அப்படி. இன்று இரண்டு கோல் போட்டவன் முதாசிர். ரசாக்கின் மகன்.

"டீம்ல சேர வந்தப்ப பதினேழு வயசுன்னான். ஜெர்சி முட்டி வரைக்கும் தொங்கிச்சு. சுண்டெலின்னு பேரே வெச்சோம். ரெண்டு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சான். இப்ப இருபத்தொண்ணு. தொடையைப் பாரு, தென்னைமரம் கணக்கா கீது. ஸ்டீராய்டு மச்சான், ஸ்டீராய்டு!"

"நீகூடத்தான் இன்னும் வளர்ந்துகினு கீறே. ஆனா சைடுல," என்றான் எபி.

எல்லோரும் சிரித்தார்கள். ஷாகுல் சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் அவனைக் கம்பெனி டீம்ல எடுக்கப் போறாங்க. பர்மனென்ட் வேலை. அங்க போய் டெஸ்ட்ல மாட்டினான்னா நம்ம டீம் பேரும் சேர்ந்து நாறும். அதுக்குள்ள நாமளே ஃபுட்பால் சங்கத்துக்குப் புகார் எழுதிடணும்."

"எழுதுப்பா," என்றார் ரசாக்.

ஷாகுல் திடுக்கிட்டுத் திரும்பினான். "பாய்... எப்ப வந்தீங்க?"

"நீ என் புள்ளைக்கு ஊசி குத்தினப்பவே வந்துட்டேன்."

"தப்பா நினைக்காதீங்க பாய். ஊரே பேசுது."

"பேசட்டும். ரத்தம் எடு, மூத்திரம் எடு. பாட்டில் பத்தலைன்னா குடத்துல எடு. வூட்டுச் சோறு தவிர அவன் உடம்புல ஒண்ணும் கிடையாது."

ரசாக் யாரையும் லேசில் நம்புகிறவரில்லை. பல்லாவரத்துத் தோல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை செய்தவர். சிரித்துப் பேசுகிறவனைக் கண்டால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். இந்தக் கூட்டத்தில் அவர் கொஞ்சம் நம்பியது அச்சுதனை மட்டும்தான். குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. முதாசிருக்காக வாரா வாரம் சண்டை போடுகிறவன்.

"கேட்டியா ஷாகுல்?" என்று அச்சுதன் எழுந்தான். "தப்பு பண்ணவர் இப்படிப் பேசுவாரா? சிலருக்கு வளர்ச்சியே லேட்டாத்தான் வரும். பாய், இதை நிரூபிச்சுடலாம். நாளைக்கு அவனை என் சென்டருக்கு அனுப்புங்க. மணிக்கட்டை ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தா போதும். எலும்பு இன்னும் வளருதா, நின்னுடுச்சா, அதுக்கு என்ன வயசுன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுடும். காசு வேணாம்."

ரசாக் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எக்ஸ்ரே வேணாம்."

"ஏன் பாய்? வலிக்கவே வலிக்காது."

"வேணாம்னா வுடேன்பா. ரத்தத்தை எடுங்க."

ஷாகுலின் கண் சுருங்கியது. "ரத்தத்துல மருந்து கொஞ்ச நாள்ல காணாமப் போயிடும். எலும்புல போகாதில்ல? அதான் பாய் பயப்படுறார். சங்கத்துக்கு இப்பவே எழுதுறேன், மணிக்கட்டு எக்ஸ்ரே கட்டாயம் எடுக்கணும்னு." செல்போனை எடுத்தான்.

அடிக்க வருகிறவனுக்குச் சொல்ல ரசாக்கிடம் பதில் நிறைய இருந்தது. உதவ வந்தவனுக்குச் சொல்லத்தான் ஒன்றுமில்லை. கைலி மடிப்பை இறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஊசி போட்டது நான்தான்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்தினார்.

"சத்து ஊசின்னு சொல்லிப் போட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கம்பெனி டீமுக்கு அவன் போகமாட்டான். இங்கயும் இனிமே ஆடமாட்டான். எக்ஸ்ரேயும் வேணாம், புகாரும் வேணாம். போதுமா?"

ஷாகுல் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். ஜெயித்தவன் மாதிரி அவன் முகம் இல்லை.

அச்சுதன்தான் கிட்டே வந்தான். "உங்களுக்காக எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன் பாய்," என்றான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ரசாக் பல்லாவரம் வந்து சேருவதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. மகன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தோள் குலுங்கியது.

மனைவி சபீஹா வாசலிலேயே மறித்தாள். "போடாத ஊசியைப் போட்டேன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு? அந்த வேலையை நம்பித்தானே இத்தனை நாள் உசுரைக் கையில புடிச்சுகினு கெடந்தோம்?"

"வேலை போனா போவுது. எலும்பைப் படம் எடுத்தா ஜெயிலு. எனக்கு மட்டும் இல்ல, அவனுக்கும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஷாகுலின் டீமுக்குத் தேர்வானவன் முதாசிர்தான். ஆனால் போய்ச் சேருவதற்கு முந்தைய வாரம் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டான், அவன் பேரில் போய் நின்றவன் பதிமூன்று வயதுத் தம்பி. இருபத்தொரு வயது கூடுவாஞ்சேரி கபர்ஸ்தானில் கிடக்கிறவனுக்குத்தான். உள்ளே அழுகிறவனுக்குப் போன மாதம்தான் பதினேழு முடிந்தது.