வேர் அகப்படாத சொல்

ஃபின்பொகிக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று சால்வோர் முடிவே கட்டிவிட்டாள்.

பின்னே என்ன? ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் வானொலியில் வாரம் ஒருநாள் சொல் ஆராய்ச்சி. நேயர்கள் தங்கள் ஊர்ப்பக்கத்துச் சொற்களை எழுதியனுப்புவார்கள். அகராதி அலுவலகத்தார் விளக்குவார்கள். அந்த அலுவலகத்தில் சால்வோருக்கு மூத்தவரான ஃபின்பொகி மட்டும் ஆறு வாரமாக 'வோன்லெய்சி' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

'வோன்' என்றால் நம்பிக்கை, 'லெய்சி' என்றால் இல்லாமை. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடும். இவரோ, வேர் அதுவல்ல, வேறொன்று இருக்கிறது, தேடி எழுதுங்கள் என்கிறார். பத்திரிகைக்காரர்கள் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். மானம் கப்பலேறுகிறது, இன்றைக்கு நீயே பேசி இதை முடித்துவிடு என்று மேலதிகாரி சால்வோரிடம் சொல்லிவிட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி அவசரமே இல்லாமல் இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தால் பனி நிற்க, கட்டடம்தான் மெல்ல மேலே போவதுபோல் இருந்தது.

ஒலிபரப்பு அறை வாசலில் ஃபின்பொகி நின்றார்.

"பதில் சொல்லப் போறியா?"

"சொல்லித்தானே ஆகணும். உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

"தெரியும்."

சால்வோருக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

மேற்குக் கடலோரத்திலிருந்து அஸ்முந்தர் என்ற மீனவர் எழுதியிருந்தார்.

'மனைவி போனபின் வீட்டில் பேச்சுச் சத்தம் ரேடியோ மட்டும்தான். திங்கட்கிழமை படகை எடுத்துக்கொண்டு போய்விடுவது, திரும்புவதில்லை என்று இருந்தேன். முந்தின நாள் இந்தச் சொல்லைப் பற்றிப் பேசினீர்கள். இதற்குள் நமக்குத் தெரியாத வேறு ஏதோ இருக்கலாம் என்றீர்கள். அப்பாவின் பழைய நோட்டுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்வரை இருக்கிறேன்.'

சால்வோருக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"இது வந்த மறுநாளே பனி வழியை அடைச்சிடுச்சு, அந்தப் பக்கம் போனும் கிடையாது" என்றார் ஃபின்பொகி. "பாதை திறந்ததும் நேர்ல போறேன். அதுவரைக்கும் அங்கே போறது ரேடியோ மட்டும்தான்."

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. சால்வோர் போய் உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டு வந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நேயர்களே, இந்தச் சொல்லின் வேர் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே வந்தேன்" என்றாள். "எனக்குத் தெரியவில்லை. மேற்குக் கடலோரத்து நேயரே, தயவுசெய்து தேடுவதை விட்டுவிடாதீர்கள்."