ஊரறியச் சொன்ன ஓட்டு

1868ஆம் ஆண்டு அயர்லாந்தில் தேர்தல் நடந்தபோது, வாக்கை ஊரறிய வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பண்ணையாரின் மேலாளர் ஹாக்கெட் மூச்சிரைக்க வந்து நின்றபோது, லெட்டீஷியா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் செஞ்சுட்டு வந்த காரியம் தெரியுமா? நம்ம ஆங்கிலிக்கன் சபைக்கு அரசாங்கம் தர்ற சலுகையெல்லாம் ஒழிக்கணும்னு நிக்கிறவனுக்கு ஓட்டு சொல்லிட்டார்.”

“அப்படித்தான் சொல்லப்போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனார்.”

“கத்தோலிக்கருங்க அவரைத் தோள்ல தூக்கிட்டு வர்றாங்க. பண்ணையார் முகம் கறுத்துப் போச்சு.”

“ஊர்ல பத்துல ஒன்பது பேர் கத்தோலிக்கர். அவங்க கால் வைக்காத கோயிலுக்கு அவங்க ஏன் காசு அழணும்?”

“இந்த வீடே கையை விட்டுப் போயிடும்மா.”

“போகட்டும். தெரிஞ்சுதான் செஞ்சோம்.” இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அழுத்தி ஓட்டினாள்.

ஹாக்கெட்டுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க சபையார் முன்னால எந்த முகத்தோட வந்து நிப்பார்?”

லெட்டீஷியா தேய்த்து முடித்த நீண்ட வெள்ளை அங்கியை அவர் எதிரே உதறி விரித்தாள். அவள் தலை நிமிர்ந்திருந்தது.

“எப்பவும் நிக்கிற அதே முகத்தோடதான். பதினாறு வருஷமா உங்க சபைக்குப் பாதிரியார் அவர்தானே?”