பணியாளர் ஒருவர்

கடல் பூங்காவைப் பற்றிய இணையக் கலைக்களஞ்சியப் பக்கத்தைப் பல வருடங்களாக ஜெனிட்டாதான் கவனித்துவந்தாள். திமிங்கிலங்களின் சிறை என்று ஒரு தரப்பு எழுதும். குழந்தைகளின் சொர்க்கம் என்று மறுதரப்பு எழுதும். இரண்டையும் நீக்குவாள். இரு தரப்பும் அவளை எதிராளியின் கைக்கூலி என்று திட்டின.

அந்தப் பூங்காவில் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்துவந்த அவள் அண்ணன் லியோனை ஒரு திமிங்கிலம் அடித்துக் கொன்றது. அடக்கம் முடிந்து வந்து பக்கத்தைத் திறந்தாள். 'நிர்வாகத்தின் பேராசைக்குப் பலியானார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'விதியை மீறி இறங்கினார்' என்று இன்னொருவர். எதற்கும் சான்று இல்லை. இரண்டையும் நீக்கி, 'லியோன் உயிரிழந்தார்' என்பதை மட்டும் விட்டாள்.

அண்ணி ஃபோன் செய்தாள்.

"பேராசைன்னு எழுதுனத அழிச்சது நீயா?"

"ஆமா அண்ணி. விசாரணை இன்னும் முடியல. அண்ணன் மேல தப்புன்னு எழுதுனதையும்தான் அழிச்சேன்."

"உனக்கு அவரு யாருடி?"

பதில் சொல்வதற்குள் அண்ணி வைத்துவிட்டாள்.

அன்றே, பக்கத்தைத் திருத்துபவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பகுதியில், "இறந்தவர் என் அண்ணன். இனி நான் இங்கே திருத்துவது முறையல்ல" என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டாள்.

மறுநாள் யாரோ லியோனின் பெயரை எடுத்துவிட்டு, 'பணியாளர் ஒருவர் உயிரிழந்தார்' என்று மாற்றியிருந்தார்கள். ஜெனிட்டா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.

உரையாடல் பகுதியில், "அவர் பெயர் லியோன்" என்று மட்டும் எழுதினாள். யாராவது பதில் எழுதுவார்கள் என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.